எரியாமல் நின்ற பட்டறைகளின் கணக்கு: நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களுக்கும் நிதித்துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் முப்பது ஆண்டுகளாகச் சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதிவருகிறேன். தீயணைப்புத் துறையில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. என் உறவினர் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கை வெளியானதும் நான் முதலில் தேடிப் படிப்பது அந்தத் துறையின் பக்கத்தைத்தான். கொஞ்சம் குறைத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒதுக்கிவைத்த பக்கம்போலவே அது எனக்குத் தோன்றுகிறது. காலிப் பணியிடங்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகின்றன. பழைய வண்டி இன்னும் இரண்டு ஆண்டு ஓடட்டும் என்று முடிவாகிறது. அந்தத் தொகையை நீங்கள் பாதுகாப்புச் செலவு என்ற தலைப்பில் எழுதுகிறீர்கள். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தலைப்போடு உடன்பாடு இல்லை. அதில் பெரும்பகுதி வேலைவாய்ப்புக்கும் தொழில் வளர்ச்சிக்கும் போடுகிற பணம். அதை விளக்கத்தான் இந்த மடல்.

தீப்பிடித்த ஒரு பட்டறையில் என்ன போயிற்று என்று கேட்டால் எல்லோரும் கட்டடத்தையும் இயந்திரத்தையும் சரக்கையும் சொல்வார்கள். அவற்றுக்குக் காப்பீடு இருக்கக்கூடும். காப்பீட்டுக்குள் எளிதில் அடங்காதவை வேறு. பத்து ஆண்டுகளாகச் செதுக்கிச் சரிசெய்த அச்சுகளும் மாதிரிகளும் போய்விடும். யார் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்று எழுதிவைத்த பேரேடு போய்விடும். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் கொள்முதல் ரசீதுகளைக் கேட்பார். அவையும் அதே அலமாரியில்தான் இருந்திருக்கும். வங்கியின் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

அதற்குப் பிறகு நடப்பது மெதுவாக நடக்கிறது. ஆகவே செய்தியில் வருவதில்லை. சரக்கு வாங்கிக்கொண்டிருந்தவர் முதல் வாரம் ஆறுதல் சொல்வார். இரண்டாம் வாரம் தம் இயந்திரம் மூலப்பொருள் இல்லாமல் நிற்கிறதே என்று தவிப்பார். மூன்றாம் வாரம் வேறோர் ஊரில் வேறொருவரிடம் வாங்கத் தொடங்குவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்துப் பட்டறை மறுபடி திறக்கும்போது அவர் திரும்பி வருவதற்குக் காரணம் எதுவும் இருக்காது. தொழிலாளர்களும் அப்படித்தான். முதல் சில நாள் சாம்பலை அள்ள வருவார்கள். பிறகு காத்திருப்பார்கள். கைத்தேர்ச்சி மிக்கவருக்கு வேறிடத்தில் வேலை உடனே கிடைக்கும் என்பதால் அவர்தான் முதலில் போவார். அவர் போய்விட்டால் புதிய இயந்திரம் வந்தாலும் அதை ஓட்டக் கற்றுத்தர ஆள் இருக்காது. தீ அணைந்த நாளில் சாகாத தொழில், நான்காவது மாதம் படுக்கையில் விழுந்து சாவதை நான் பேரேட்டின் பக்கங்களில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பட்டறையோடும் அது முடிவதில்லை. அதற்குச் சரக்கு ஏற்றிவந்த வண்டிக்காரர், மோட்டார் சுற்றிக்கொடுத்தவர், பொட்டலம் கட்டும் பொருள் விற்றவர், கட்டட வாடகையில் குடும்பம் நடத்திய முதியவர் என எல்லோருடைய கணக்கிலும் ஒரு வரி குறையும். கடைசியாக உங்கள் கணக்கிலும் குறையும்: சொத்து வரி, தொழில் உரிமக் கட்டணம், விற்பனை மீதான வரி. தீயணைப்பு நிலையத்துக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அதே கருவூலத்துக்குத்தான் அந்த வரவு வந்துகொண்டிருந்தது.

முதலாளி நல்லவராக இருந்தால் தொழிலாளரைக் காப்பாற்றிவிடுவார் என்று நம்புபவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். 1995 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலை எரிந்தது. அதன் உரிமையாளர் ஆரன் ஃபோயர்ஸ்டைன், ஆலையை அதே இடத்தில் திரும்பக் கட்டுவேன் என்று அறிவித்தார். வேலை இல்லாமல் இருந்த தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமும் கொடுத்தார். நாடு முழுவதும் அவரைப் போற்றியது. அந்தப் போற்றுதலுக்கு அவர் முற்றிலும் தகுதியானவர். ஆனால் மறுகட்டுமானக் கடன் அழுத்தியது. 2001-இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோர வேண்டியதாயிற்று. ஆலை அவர் கையைவிட்டுப் போயிற்று. அத்தனை பெரிய மனமும் பெயரும் படைத்தவருக்கே அந்த நிலை என்றால், பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர் என்ன செய்வார்?

ஆகவே தீ பரவாமல் நிறுத்தப்படும் அந்த முதல் சில நிமிடங்கள்தான் ஒரு தொழிலகத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய மானியம். ஆனால் அந்த மானியம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எரிந்த கடையைப் படம் எடுக்கிறோம். மறுநாள் காலையில் சுவரில் கொஞ்சம் கரி படிந்த நிலையில் வழக்கம்போலத் திறந்த கடையை யாரும் படம் எடுப்பதில்லை. ஒரு துறையின் உழைப்பு முழுவதும் நடக்காமல் போனவற்றில் அடங்கியிருந்தால், அதற்கு நிதி கேட்டு வாதாடுவது கடினம் என்பதை நான் அறிவேன்.

கடினம்தான், ஆனால் அந்தக் கணக்கைப் போட முயன்றவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறை 2012-இல் தொடங்கிய ஒரு காலப்பகுதியில் வெற்றிகரமாகக் கட்டுப்படுத்திய 42 வணிகத் தீ விபத்துகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிறுவனங்கள் அழிந்திருந்தால் மாநிலத்தின் பொருளாதாரத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். சுமார் 7,000 வேலைகள் போயிருக்கும் என்பது விடை. இதுபோன்ற கணக்கில் ஊகங்கள் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். எல்லாத் தீயும் முழுக் கட்டடத்தையும் விழுங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கடை மூடினால் அதன் வணிகத்தில் ஒரு பங்கு பக்கத்துக் கடைக்குப் போகும். நான் தணிக்கை செய்தால் அந்த எண்ணைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கிப் பார்ப்பேன். அப்போதும் 42 அழைப்புகளுக்கு 1,700-க்கும் மேற்பட்ட வேலைகள் மிஞ்சும். அத்தனை வேலைகளைத் தரும் ஒரு புதிய தொழிற்சாலை உங்கள் எல்லைக்குள் வருகிறது என்றால் நிலத்தையும் மின்சாரத்தையும் வரிச்சலுகையையும் வாரி வழங்குகிறீர்கள். இருக்கிற வேலையைக் காப்பவர்களிடம் மட்டும் ஏன் கை இறுகுகிறது?

தீயணைப்புக்குப் பொதுப்பணம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே வணிகத்தைக் காக்கும் தேவையிலிருந்து வலுப்பெற்ற ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் நகரின் முதன்மையான தீயணைப்புப் படையைக் காப்பீட்டு நிறுவனங்கள்தாம் தங்கள் செலவில் நடத்தின. அதன் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் அதற்கு முன்பு எடின்பரோவில் நகராட்சித் தீயணைப்புப் படையை உருவாக்கியவர். 1861 ஜூன் 22 அன்று லண்டனின் டூலி தெருவின் ஆற்றோரக் கிடங்குகளில் தீப்பிடித்தது. பருத்தியும் சணலும் கொழுப்பும் சர்க்கரையும் அடுக்கிவைத்த கிடங்குகள் அவை. தீ பரவாமல் தடுப்பதற்கென்றே அமைத்த இரும்புக் கதவுகள் திறந்து கிடந்தன. இடிந்த சுவரின் அடியில் சிக்கி பிரெய்ட்வுட் உயிரிழந்தார். தீ முழுமையாக அணைய இரண்டு வாரம் ஆயிற்று. இழப்பைச் சுமந்த காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை உயர்த்தின. இந்தப் பொறுப்பை இனி எங்களால் தாங்க முடியாது என்று அரசிடம் கூறின. அதன் விளைவாக 1865-இல் சட்டம் வந்தது. 1866 முதல் நகருக்கென்று பொதுத் தீயணைப்புப் படை இயங்கியது. குடியிருப்போர் செலுத்தும் வரி, அரசின் பங்கு, காப்பீட்டு நிறுவனங்களின் பங்கு ஆகிய மூன்றும் சேர்ந்து அதன் செலவை ஏற்றன. இலாபத்தை எண்ணிப் பழகிய நிறுவனங்களே இது தனியார் தோளில் நிற்காது என்று ஒப்புக்கொண்ட வரலாறு அது.

கட்டணம் கட்டியவருக்கு மட்டும் சேவை என்ற யோசனை இன்றும் அவ்வப்போது எழுகிறது. 2010-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஆண்டுக் கட்டணமான 75 டாலரைச் செலுத்தவில்லை என்பதால் ஒரு குடும்பத்தின் வீடு எரிவதைத் தீயணைப்பு வீரர்கள் அணைக்காமல் நின்று பார்த்தார்கள். அந்த வீரர்களின் மனநிலையை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழில் தெருவில் இந்த முறை ஒருநாள்கூட நிற்காது. கட்டணம் கட்டாதவரின் கூரையில் பிடித்த தீ, கட்டியவரின் கூரைக்கு வர எவ்வளவு நேரமாகும்?

நேரம் என்றதும் என் மடலின் மையத்துக்கு வருகிறேன். பழைய காலத்து மரமும் பருத்தியும் நிறைந்த அறையில் ஒரு தீ முழு அறையையும் ஒரே வீச்சில் கவ்வும் நிலைக்கு வர ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகலாம். ஞெகிழியும் செயற்கை நுரையும் நிறைந்த இன்றைய அறையில் அதே நிலை ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடக்கூடும் என்று தீப் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் இரண்டு அறைகளையும் எரித்துக் காட்டியிருக்கிறது. அதாவது உங்கள் தீயணைப்பு நிலையம் இருந்த இடத்திலேயே இருக்க, தீ மட்டும் வேகமாகிவிட்டது. உங்கள் பாட்டனார் காலத்துக்குப் போதுமாக இருந்த தொலைவு இன்று போதாது.

வண்டி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் வீட்டுத் தீ ஒன்றைச் சமாளிக்கும் 22 பணிகளைக் குழுக்களைச் செய்யவைத்து நேரம் அளந்தது. நான்கு பேர் கொண்ட குழு, இரண்டு பேர் குழுவைவிட 30 விழுக்காடும், மூன்று பேர் குழுவைவிட 25 விழுக்காடும் விரைவாக வேலையை முடித்தது. ஆகவே ஒரு நிலையத்தில் நிரப்பாமல் விட்ட பணியிடத்தை நிதித்துறையின் மொழியில் சேமித்த சம்பளம் என்று எழுதாதீர்கள். அது தீக்குக் கொடுத்த நிமிடங்கள். ஒரு கிடங்கின் ஒரு மூலை எரிவதற்கும் முழுக் கிடங்கும் எரிவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு பல நேரம் அந்த நிமிடங்களில்தான் இருக்கிறது.

பணம் எங்கே போகிறது என்பதும் எவ்வளவு போகிறது என்பதைப் போலவே முக்கியமானது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரின் வணிகப் பகுதி எரிந்தபோது வாஷிங்டனிலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் வண்டிகளும் வீரர்களும் உதவிக்கு விரைந்தார்கள். வந்தவர்களில் பலரால் தண்ணீரை எடுக்க முடியவில்லை. அவர்களுடைய குழாய்களின் இணைப்பு அந்த நகரத்தின் தெரு நீர்முனைகளில், அதாவது தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்களில், பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. சுமார் 35,000 பேர் வேலை இழந்தார்கள். ஆட்கள் இருந்தார்கள், வண்டி இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஒரு திருகு இணைப்பு இல்லை. அதன் பின்னரே அமெரிக்காவில் குழாய் இணைப்புகளுக்குத் தேசிய அளவில் ஒரு தரம் வகுக்கப்பட்டது. 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டை ஆலையில் 146 பேர் இறந்தபோதும் இதே கதைதான்: தீ எட்டாவது மாடியிலும் அதற்கு மேலும் எரிந்தது, தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. உயரமான கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்து வரி வாங்கும் மன்றங்கள், அந்த உயரத்துக்கு ஏணி வாங்கியிருக்கிறோமா என்று ஒருமுறை பார்க்கட்டும்.

தொழில் செய்பவர்கள் இதை இன்னொரு வழியிலும் உணர்கிறார்கள். அமெரிக்காவில் ஊர்களின் தீயணைப்புத் திறனை 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. 1 என்பது மிகச் சிறந்தது. மதிப்பெண்ணில் பாதி தீயணைப்புத் துறைக்கும், 40 விழுக்காடு தண்ணீர் வழங்கலுக்கும், 10 விழுக்காடு அவசர அழைப்பு ஏற்பாட்டுக்கும் போகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் பல பிரீமியத்தை நிர்ணயிக்கும்போது இந்தத் தரத்தையும் பார்க்கின்றன. ஒரு நல்ல பம்ப் வாங்குவதும், நீர்முனைகளைப் பழுதுபார்ப்பதும் அந்த ஊரின் ஒவ்வொரு கடையின் செலவுக் கணக்கிலும் போய் எதிரொலிக்கின்றன. அப்படியொரு தரவரிசை இல்லாத இடங்களிலும், ஒரு தொழிலதிபர் புதிய ஆலைக்கு இடம் தேடும்போது சாலையையும் மின்சாரத்தையும் பார்த்துவிட்டு, தீப்பிடித்தால் யார் வருவார்கள் என்றும் கேட்கிறார்.

தீயணைப்புத் துறை நேரடியாகத் தரும் வேலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்: வீரர்கள், ஓட்டுநர்கள், வண்டி பழுதுபார்ப்பவர்கள், பயிற்சியாளர்கள், சீருடை தைப்பவர்கள். அவர்களுடைய சம்பளம் சொந்த ஊரிலேயே செலவாகிறது. அது உண்மை, ஆனால் என் வாதத்தை நான் அதன்மேல் நிறுத்தவில்லை. சம்பளம் கொடுக்கும் எந்தத் துறைக்கும் அதைச் சொல்லிவிடலாம்.

அதைவிட முக்கியமானது ஆய்வுப் பணி. ஒரு புதிய தொழிலகம் திறக்கும் முன் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும் இடங்களில், ஆய்வு செய்யும் அலுவலர் ஒருவரே இரண்டு மூன்று பகுதிகளுக்கும் பொறுப்பாக இருந்தால் கோப்பு மாதக்கணக்கில் காத்திருக்கும். அத்தனை மாதமும் இயந்திரம் சும்மா நிற்கிறது, வட்டி ஏறுகிறது, வேலைக்கு எடுப்பதாகச் சொன்ன ஆட்கள் வீட்டில் இருக்கிறார்கள். பிறகு அந்த அலுவலர் வந்தாலும் அவசரமாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டிய நிலை. தொழிலுக்கும் நட்டம், பாதுகாப்புக்கும் நட்டம். விதிகள் தொழிலை நெரிக்கின்றன என்று முறையிடும் என் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நெரிப்பது பெரும்பாலும் விதி இல்லை; அந்த விதியை நடத்த ஆள் போடாத கஞ்சத்தனம். ஆய்வாளர் நிதானமாக வந்து, அடைத்துவைத்த அவசர வழியைத் திறக்கச் சொல்லி, பழைய மின்கம்பியை மாற்றச் சொல்லிவிட்டுப் போனால், அந்த ஆண்டு அங்கே வண்டியே வர வேண்டியிருக்காது.

பணம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மருத்துவமனையும் பள்ளியும் குடிநீரும் உங்கள் முன் வரிசையில் நிற்கின்றன. அவற்றிலிருந்து எடுத்து இதற்குக் கொடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். தொழில் ஊக்குவிப்புக்கென்று நீங்கள் ஒதுக்கும் தொகையைத்தான் சுட்டுகிறேன். புதிய தொழிலை அழைத்துவரும் அந்தத் தலைப்பில் ஒரு பங்கை, இருக்கிற தொழிலைக் காக்கும் துறைக்குக் கொடுப்பது அந்தத் தலைப்பின் நோக்கத்துக்கு முற்றிலும் உட்பட்டது. தொழிற்பேட்டை திட்டமிடும்போது சாலையோடும் மின்நிலையத்தோடும் தீயணைப்பு நிலையத்தையும் வரைபடத்திலேயே சேருங்கள். எல்லா மனையும் விற்ற பிறகு இடம் தேடாதீர்கள். புதிய வண்டிக்குப் பூசை போட்டு ஓட்டிவருவதோடு நிற்காமல், அதன் பராமரிப்புக்கும் டயருக்கும் பம்ப் பழுதுக்கும் ஆண்டுதோறும் தனித்தொகை எழுதுங்கள். மூலதனச் செலவில் தாராளமாகவும் நடைமுறைச் செலவில் கஞ்சமாகவும் இருந்தால், தேவைப்படும் இரவில் வண்டி கொட்டகையில் நிற்கும். இதை எந்தக் கணக்கரும் உங்களுக்குச் சொல்வார். தன்னார்வலர்கள் தீயணைப்பை நடத்தும் ஊர்களில் அவர்களுக்கு வணக்கம் சொல்வதோடு நிறுத்தாமல், முறையான பயிற்சியும் காப்பீடும் தரமான உடையும் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள் உண்டு. அதற்குச் செலவு மிகக் குறைவு. தீயணைப்புத் துறையின் ஆண்டறிக்கையில் எத்தனை அழைப்புகள், எத்தனை உயிர்கள், எவ்வளவு சொத்து இழப்பு என்று பத்திகள் இருக்கும். அவற்றின் அருகில் மேலும் இரண்டு பத்திகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். தீ கட்டுப்படுத்தப்பட்ட ஒவ்வொரு தொழிலகத்திலும் அன்று எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பது ஒன்று. ஓராண்டு கழித்து அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது மற்றொன்று. ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் தகவல் இது. இரண்டு மூன்று ஆண்டு இதைத் தொகுத்தால், எந்த நிலையம் எத்தனை குடும்பங்களின் சம்பளத்தைக் காத்தது என்று பெயரிட்டுச் சொல்ல முடியும். அப்போது நிதி ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் அந்தத் துறையின் அலுவலர் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பத்திகளை எப்படி வகுப்பது, எந்தப் படிவத்தில் கேட்பது, இரட்டைக் கணக்கு வராமல் எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். ஊதியம் எதுவும் வேண்டாம்.

பணிவுடன்,
சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்